நிரப்பிய வட்டம்

'உங்களுக்கு இல்லை' என்று டாக்டர் சொன்னதை அக்கா ஒரு வாரமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். நல்ல சேதிதான். ஆனால் வெளியே சொன்னால் அடுத்த பார்வை தம்பி பக்கம் திரும்பும். அதனால் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கிடந்தது.

அப்பாவுக்கு வந்த வியாதிக்கு அந்த வீட்டில் 'ஆட்டம்' என்று பெயர். கை தானாக ஆடும். கால் தானாக இழுக்கும். பேச்சு குழறும். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்த மனுஷன் அவர். குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அவர் கண் மூடிய பிறகுதான் அது ரத்தவழியாக இறங்குகிற வியாதி, பெற்ற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று தெரிந்தது.

பிள்ளைகள் இரண்டே பேர். பல்கலைக்கழகத்தில் தற்காலிகமாகப் பாடம் நடத்தும் அக்கா. கட்டட வேலையில் உயர கிரேன் ஓட்டும் தம்பி.

அக்கா எழுதக் கிளம்பிய புத்தகம் இதைப் பற்றித்தான். மரபணுவும் சமூகமும். ரத்தத்தில் இருக்கிற ஒன்று ஊர் வாயில் விழுந்தால் ஒரு ஆளின் வேலை, காப்பீடு, கல்யாணம், நல்ல பெயர் எல்லாம் என்ன கதி ஆகின்றன என்று. பேர்பெற்ற பதிப்பகம் ஒன்று முன்மொழிவு கேட்டிருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். புத்தக ஒப்பந்தம் கையில் இருந்தால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் இந்தப் பருவத்தோடு நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று துறைத் தலைவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

"புத்தகம் எழுதவே இல்லையாம். அதுக்குள்ள புத்தகத்தைப் பத்தி இத்தனை பக்கமா?" வேலைக்குக் கிளம்பிய அம்மா மேஜையை எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. சேலையில் எப்போதும் பிளீச்சிங் பவுடர் வாசம்.

"இதுக்குப் பேருதாம்மா புரொபோசல்."

"அடுப்பே பத்த வைக்கலை, அதுக்குள்ள ருசி எப்படின்னு கேக்குறாங்களாக்கும்."

"ருசி மட்டுமில்ல. யாரு சாப்பிடுவாங்க, எதுத்த கடையில இதே மாதிரி இருக்கா, சமைக்க நீ யாரு, எல்லாம் கேக்குறாங்க."

அம்மா சிரிக்கவில்லை. செருப்பை மாட்டியபடியே சொன்னாள். "செத்த மனுஷனை மறுபடி எதுக்குடி ஆட வைக்கிற?"

"அவர் குடிக்கலைன்னு யாராவது எழுத வேணாமா?"

அம்மா கதவைப் பிடித்தபடி திரும்பினாள். "என்னமோ பண்ணு. எனக்குச் சம்மதம்தான். ஆனா அவனை வற்புறுத்தாதே."

அவன் என்றால் தம்பி. முட்டுக்கட்டை அங்கேதான் இருந்தது. முன்மொழிவோடு மாதிரி அத்தியாயம் ஒன்று போக வேண்டும். அது இந்தக் குடும்பத்தின் கதை. அதில் வருகிற, உயிரோடு இருக்கிற எல்லோரிடமும் சம்மதம் வாங்கியாயிற்று என்று கடைசிப் பக்கத்தில் குறி போட வேண்டும். தம்பியோ வாரக்கணக்கில் முடியாது என்கிறான். போன தடவை சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அக்காவுக்கு அதைவிடப் பெரிய பாரம் ஒன்று இருந்தது. அன்றைக்கு அவன் தட்டைத் தள்ளியபோது அவனுடைய இடது கை விரல்கள் இரண்டு தாமாகவே துடித்ததை அவள் பார்த்தாள். பிறகு இன்னொரு நாள், டம்ளர் பிடித்திருந்தபோது. அவனுக்கே தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் விரலில்தான் தொடங்கியது.

பார்த்ததை அத்தியாயத்தில் எழுதிவிட்டாள். அடுத்த தலைமுறையில் ஒருவரிடம் ஆரம்ப அறிகுறி தெரிகிறது என்று. செத்தவர்கள் கதை மட்டும் இருந்தால் அது வெறும் வரலாறு, உயிரோடு ஒரு ஆள் வேண்டும் என்று பதிப்பாசிரியர் கேட்டிருந்தார். குடும்பப் படமும் வரைந்தாள். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். இறந்தவர் மேல் குறுக்குக் கோடு. வியாதி உள்ளவரைக் கறுப்பால் நிரப்ப வேண்டும்.

தம்பியின் சதுரத்தை நிரப்பத்தான் கை போயிற்று. மனசு வரவில்லை. அவள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கப் படத்தில் ஆட்களை இடம் மாற்றிப் போடுவார்கள். அவளும் மாற்றினாள். தம்பியின் சதுரத்தை வெள்ளையாக விட்டாள். தன் வட்டத்தைக் கறுப்பாக நிரப்பினாள். தம்பியின் சின்ன மகளைப் படத்தில் போடவே இல்லை.

வெளியாள் கண்ணை மறைக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வீட்டாள் பார்த்தால் என்ன ஆகும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

*

மதியம் மூன்று மணிக்கெல்லாம் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"என்ன புரொபசரம்மா, உலகத்தைத் திருத்தியாச்சா?" தம்பி ஹெல்மெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். கண், காது எல்லாம் சிமெண்ட் தூசி.

"வேலை இல்லையா?"

"காத்து பேயா அடிக்குது. கிரேனை நிறுத்திட்டாங்க. மேல உட்கார்ந்திருந்தா தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு. வீட்டுக்குப் போனா குட்டி தூங்கிட்டிருப்பா, எழுப்பினா அவ அம்மா என்னைத் தூங்க வச்சிடுவா. அதான் இங்க வந்தேன்."

"தம்பி, அந்த விஷயம்…"

"ஆரம்பிச்சிட்டியா?" அவன் முகம் மாறியது. "கேளுக்கா. நான் ஒரு கம்பியைத் தூக்கினா அதுக்குக் கீழ மனுஷங்க நிக்கிறாங்க. கிரேன் ஓட்டுறவன் குடும்பத்துல இப்படி ஒரு வியாதின்னு புத்தகத்துல வந்துச்சுன்னா என்னை மேல ஏத்துவானா? அப்பாவைக் குடிகாரன்னு சொல்லி அனுப்பினாங்க. என்னை என்ன சொல்லி அனுப்புவாங்களோ!"

"பேரே போடலடா."

"பேரு எதுக்கு? கிரேன் ஓட்டுற தம்பின்னாலே போதும், ஊரே கையைக் காட்டும்."

அதற்குள் அக்காவின் போன் அடித்தது. பதிப்பாசிரியர். அக்கா போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"பாருங்க, உங்களுதுக்காகத்தான் காத்திருக்கேன்," என்றார் பதிப்பாசிரியர். "ஆனா ஒண்ணு. சம்மதம் இல்லாம அனுப்பாதீங்க, எடுக்க மாட்டோம். அந்த அத்தியாயம் இல்லாமலும் அனுப்பாதீங்க, அது இல்லைன்னா இதுல புதுசா ஒண்ணுமே இல்லை."

"கொஞ்சம் நேரம் கிடைக்குமா மேடம்?"

"நேரம் என் கையில இல்லைம்மா. இன்னிக்கு வந்தது எல்லாத்தையும் மொத்தமா நிபுணர்களுக்கு அனுப்பிடுவாங்க. அடுத்தது இனி அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம் அவளுக்கு வேலையே இருக்காது. சுவரில் சாய்ந்து நின்றாள். போன் அணைந்த பிறகும் அப்படியே நின்றாள்.

வெளியே தம்பி தண்ணீர் குடிக்கச் செம்பைத் தேடி மேஜைப் பக்கம் வந்தான். தாள்களுக்கு மேலே அந்தப் படம் கிடந்தது.

எழுத்தை அவன் படிக்கவில்லை. படம் புரிந்தது. அக்கா மாணவியாக இருந்தபோது இதே மேஜையில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். 'அப்ப நான் சதுரமா? எனக்கு மூளையும் சதுரம்தான்னு எழுதிக்கோ' என்று அவன் கேலி செய்திருக்கிறான்.

மேலே கறுப்புச் சதுரம், குறுக்குக் கோடு. அப்பா. பக்கத்தில் வெள்ளை வட்டம். அம்மா.

கீழே தன் சதுரத்தைத்தான் முதலில் பார்த்தான். வெள்ளை. நெஞ்சில் வருஷக்கணக்காக ஏற்றி வைத்திருந்த சுமை ஒன்று சட்டென்று இறங்கியது. அந்த நிம்மதி முழுசாக வந்து சேர்வதற்குள் பக்கத்து வட்டம் கண்ணில் பட்டது.

கறுப்பு.

தாளைத் தொட்டான். கையை எடுத்துக்கொண்டான். சிமெண்ட் விரல் அடையாளம் ஓரத்தில் விழுந்தது. அதைப் புறங்கையால் துடைக்கப் பார்த்தான். இன்னும் பரவியது.

*

அக்கா வெளியே வந்தபோது அவன் சமையலறையில் நின்று டீ போட்டுக்கொண்டிருந்தான். அவன் அந்த வீட்டில் டீ போட்டு அவள் பார்த்ததே இல்லை.

"உட்காரு," என்றான். நாற்காலியை அவனே இழுத்துப் போட்டான். டம்ளரை அவள் கையில் கொடுத்தும் விடாமல், அவள் சரியாகப் பிடித்துக்கொண்டாளா என்று பார்த்துவிட்டு விட்டான்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல. யோசிச்சுப் பாத்தேன். நீ எழுதுக்கா."

"என்ன?"

"எழுதுன்னு சொல்றேன். என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் போட்டுக்கோ. எனக்குச் சம்மதம். வேலை போனாப் போகட்டும், கீழ நின்னு கம்பி கட்டத் தெரியும் எனக்கு."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "நிஜமாவா?"

"அனுப்பு. நேரமாகுதில்ல?" அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நல்லா சாப்பிடுறியா நீ? இளைச்ச மாதிரி இருக்கே."

ஏன் என்று ஒரு வார்த்தை அவள் கேட்டிருக்கலாம். கேட்டால் மாறிவிடுவானோ என்று பயம். விழப்போகிறவன் கையில் கயிறு கிடைத்தால் எங்கே கட்டியிருக்கிறது என்று பார்ப்பானா? கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். குறி போட்டாள். அனுப்பினாள். 'உங்கள் முன்மொழிவு வந்து சேர்ந்தது' என்று திரையில் பதில் வந்தது.

"போயிடுச்சுடா!" திரும்பினால் தம்பி அங்கே இல்லை. படியிறங்கும் சத்தம் கேட்டது.

*

அவன் வெகுதூரம் போகவில்லை. தெருமுனையில் அம்மா வேலை முடிந்து வருவதைப் பார்த்து ஓடினான். பையை வாங்கிக்கொண்டான். நடந்துகொண்டே சொல்லிவிட்டான். அம்மா நடையை நிறுத்தாமல் கேட்டாள்.

மேலே வந்தவள் செருப்போடே உள்ளே வந்தாள். அக்காவின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அந்தப் பிளீச்சிங் வாசத்தில் அக்காவுக்கு மூச்சு முட்டியது.

"எனக்கு ஏன்டி சொல்லல? அவரைப் பாத்துக்கிட்டவதானே நான்? உன்னைப் பாத்துக்க மாட்டேனா?"

"என்னம்மா சொல்ற?"

"மறைக்காதேக்கா." தம்பி கதவோரம் நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. "படத்தைப் பாத்துட்டேன். உன் வட்டம் கறுப்பா இருந்துச்சு. அதனாலதான் எழுதுன்னு சொன்னேன். உனக்கு வந்திருக்குன்னா நீ எழுதாம வேற யாரு எழுதுறது?"

இப்போது எந்தப் பக்கம் வாய் திறந்தாலும் ஒரு ஆள் மேல் இடி விழும். சும்மா இருந்தால்? சும்மா இருந்தால் எல்லாம் நடக்கும். முன்மொழிவு போய்விட்டது. சம்மதம் கிடைத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் அவள் நோயாளியாக இருந்தால் போதும்.

அம்மாவின் கை அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. அதைத் தாங்க முடியவில்லை.

"எனக்கு இல்லம்மா."

"பொய் சொல்லாதே."

"ரத்தம் கொடுத்துப் பாத்துட்டேன். போன வாரம்தான் சொன்னாங்க. எனக்கு இல்லை. படத்துல ஆளை மாத்திப் போட்டிருக்கேன். வெளியில தெரியக் கூடாதுன்னு மாத்திப் போட்டேன்."

"அப்பாடா…" என்றாள் அம்மா.

வாயிலிருந்து தானாக வந்தது அது. வந்த பிறகுதான் அம்மாவுக்கே கேட்டது. பிள்ளைகள் இரண்டே பேர். வாயைப் பொத்திக்கொண்டு மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏற்கனவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, நான் அப்படி…"

"பரவால்லம்மா." அவன் குரல் எங்கோ கீழேயிருந்து வந்தது. "படத்தைப் பாத்தப்ப முதல்ல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. என் சதுரம் வெள்ளைன்னு."

கீழே டயர் கடையில் எதையோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ரத்தம் கொடுக்கலையே," என்றான் தம்பி. "அப்புறம் எதைப் பாத்துக் கறுப்பு அடிச்ச?"

"உன் கையைப் பாத்து. இடது கை விரல்."

அவன் கையைப் பார்த்தான். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தான்.

"நீ டாக்டரா?"

"இல்லை."

"ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமில்ல? அச்சடிக்கிறவனுக்குச் சொல்லணும்னு தோணுச்சு, எனக்குச் சொல்லணும்னு தோணலையா?"

அவன் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அக்கா நினைத்தாள்.

"குட்டியை ஏன் படத்துல போடல?"

"மனசு வரலடா."

"எனக்குன்னா, எங்கிட்டயிருந்து அவளுக்கு…" அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேளுக்கா. நான் சரின்னு சொன்னது உனக்கு இருக்குன்னு நினைச்சு. அந்தச் சரி உனக்காகச் சொன்னது. எனக்குன்னா வேற. நான் இன்னும் எதுக்கும் சரின்னு சொல்லலை."

கோபமாகச் சொல்லவில்லை. கூலியில் தப்பு இருந்தால் மேஸ்திரியிடம் சொல்வது போலச் சொன்னான்.

அக்கா போனை எடுத்தாள். பதிப்பாசிரியர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்துடுச்சும்மா, படிச்சிட்டேன்! அந்தப் படம் இருக்கே, அதுதான் புத்தகமே. அந்தப் பொண்ணைப் பத்தி இன்னும் எழுதுங்க."

"மேடம், அதை நான் திரும்ப எடுத்துக்கிறேன்."

"எதை?"

"எல்லாத்தையும். சம்மதம் வாங்கினேன்னு குறி போட்டது தப்பு. அதுல இருக்கிற ஆளுக்குத் தன்னைப் பத்தி எதுவும் தெரியாது. நானா முடிவு பண்ணி எழுதிட்டேன். எனக்கே நிச்சயமாத் தெரியாது."

"யோசிச்சுத்தான் பேசுறீங்களா? உங்க வேலை இதை நம்பித்தானே இருக்குன்னு சொன்னீங்க?"

"ஆமா மேடம்."

"நிபுணர்களுக்குப் போயிருக்கான்னு பாக்கணும். போயிருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது. பாத்துட்டுச் சொல்றேன்." போன் அணைந்தது.

தம்பி நன்றி சொல்லவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, இரண்டு கைகளையும் கோத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். விரல் நுனியெல்லாம் வெளுத்தது.

"அந்த ரத்தம் எடுக்கிறாங்களே," என்றான், "வெறும் வயித்துல போகணுமா?"

"வேணாம். சாப்பிட்டே போகலாம். நானும் வர்றேன்."

"வரச் சொல்லலை. கேட்டேன், அவ்வளவுதான்."

"எவ்வளவு நாள்ல சொல்வாங்க?" என்று தரையிலிருந்து கேட்டாள் அம்மா.

"சில வாரம் ஆகும்மா."

தம்பி தலையை ஆட்டினான். கணக்குப் போடுகிறவன் மாதிரி சுவரையே பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"இல்லைன்னு அவங்க சொல்ற வரைக்கும் எனக்கு இருக்கா, இல்லையா? நாளைக்குக் காலையில மணி அடிச்சதும் நான் மேல ஏறணும். நான் தூக்குற கம்பிக்குக் கீழ ஆள் நிப்பாங்க. ஏறட்டுமா, வேணாமா? சொல்லுக்கா. நீதான் என் கையைப் பாத்தவ."

அக்கா அவன் எதிரில் உட்கார்ந்தாள். கோத்திருந்த அவன் கைகளைப் பிரித்து, இடது கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.